தொடக்க உறுப்பினர் அனைவரும் வாழும் கிளாசிக் ராக் குழுக்கள்: பட்டியல் போட விரும்பும் புதியவர்களுக்கு

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சபாத் குழுவின் தொடக்க உறுப்பினர்களான ஆஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர், பில் வார்ட் ஆகிய நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் வாசித்தனர். அந்த மைதானம் இருக்கும் ஆஸ்டன் பகுதியில்தான் 1968இல் அவர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். ஆஸி நிற்க முடியாத நிலையில் சிம்மாசனம் போன்ற ஓர் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, அவர் காலமானார். தொடக்க உறுப்பினர் அனைவரும் உயிருடன் இருக்கும் கிளாசிக் ராக் குழுக்கள் எவை என்று அதுவரை யார் கேட்டாலும் முதலில் வாயில் வந்த பெயர் பிளாக் சபாத்தான். அன்று மாலைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் போயிற்று.

கிளாசிக் ராக்கை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருப்பவருக்கு இப்படியொரு பட்டியலைத் தாமே தயாரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சியாகும். எந்தக் குழுவில் யார் எப்போது வந்தார், யார் ஏன் விலகினார், எந்த இசைத்தட்டில் யார் வாசித்தார் என்பவையெல்லாம் தேடும் வழியிலேயே மனத்தில் பதிந்துவிடும். ஆனால் எளிய கேள்வியாகத் தோன்றும் இதில் தடுக்கி விழ இடங்கள் பல உண்டு. நான் முதன்முதலில் போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் தவறு. அந்தத் தவறுகளிலிருந்து கற்றவற்றையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

கிளாசிக் ராக் என்பது இசையின் இலக்கணத்தைக் குறிக்கும் சொல் அன்று. 1980களில் அமெரிக்கப் பண்பலை வானொலி நிலையங்கள் முந்தைய இருபது ஆண்டுகளின் ராக் பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பத் தொடங்கியபோது அந்த நிகழ்ச்சி வகைக்கு வைத்த பெயர்தான் அது. ஆகவே அதன் எல்லை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டேயிருக்கிறது. 1960களின் நடுப்பகுதியில் தொடங்கி 1980களின் இறுதிவரை முதல் இசைத்தட்டை வெளியிட்ட குழுக்கள் என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் இசைக்குழுக்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சிலர் வாதிடுவார்கள். நான் சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்தக் கேள்விக்கு மிகச் சுவையான விடைகளில் ஒன்று அங்கேதான் கிடைக்கிறது.

இரண்டாம் படி: 'தொடக்க உறுப்பினர்' என்றால் யார் என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்தில்தான் வருகின்றன, ஆகையால் சற்று நின்று பார்ப்போம். ஒரு குழுவின் தொடக்க உறுப்பினர் என்ற சொல்லுக்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள்ளன. குழு தொடங்கிய நாளில் இருந்தவர்கள் என்பது முதல் பொருள். முதல் இசைத்தட்டில் வாசித்தவர்கள் என்பது இரண்டாவது. குழு புகழின் உச்சியில் இருந்தபோது மக்கள் கண்ணில் பட்டவர்கள் என்பது மூன்றாவது. மூன்றாவதைக் 'கிளாசிக் அணி' என்பார்கள். மூன்றில் எதைப் பிடிக்கிறோமோ அதற்கேற்ப விடை தலைகீழாக மாறும்.

ஏரோஸ்மித்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவன் டைலர், ஜோ பெரி, டாம் ஹாமில்டன், ஜோயி கிரேமர், பிராட் விட்ஃபோர்ட் என்னும் ஐவரும் இன்றும் இருக்கிறார்கள், ஆகவே அந்தக் குழு பட்டியலில் உண்டு என்று நானும் எழுதிவைத்திருந்தேன். ஆனால் 1970இல் பாஸ்டனில் குழு தொடங்கியபோது இரண்டாவது கிதார் கலைஞராக இருந்தவர் ரே டபானோ. அவருக்குப் பதிலாகத்தான் 1971இல் விட்ஃபோர்ட் வந்தார். டபானோ 2025 பிப்ரவரியில் காலமானார். ஆகவே முதல் பொருளின்படி ஏரோஸ்மித் பட்டியலில் இல்லை. 1973இல் வெளிவந்த முதல் இசைத்தட்டை வைத்துப் பார்த்தால் உண்டு.

மெட்டாலிக்காவின் கதை இதற்கு நேர்மாறானது. 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குழுவைத் தொடங்கிய லார்ஸ் உல்ரிக், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் இருவரும், அவர்களோடு முதலில் சேர்ந்து மேடையேறிய டேவ் மஸ்டெயின், ரான் மெக்கவ்னி இருவரும் உயிருடன் இருக்கிறார்கள். ஆனால் ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் பாஸ் கிதார் கலைஞர் மெக்கவ்னி அல்லர். அவருக்குப் பின் வந்து முதல் மூன்று இசைத்தட்டுகளிலும் வாசித்து, 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்ததில் தம் 24ஆம் வயதில் இறந்த கிளிஃப் பர்ட்டன்தான். தொடங்கியவர்கள் எல்லாரும் இருக்க, குழுவின் பொற்காலத்தைச் சேர்ந்தவர் இல்லாமல் போன நிலை இது. பட்டியலில் மெட்டாலிக்காவை எழுதினால் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். இல்லையேல் படிப்பவர் உங்கள்மீது பாய்வார்.

நான் முன்பு குறிப்பிட்ட பங்க் விடை செக்ஸ் பிஸ்டல்ஸ். அந்தக் குழு என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் முகம் 1979 பிப்ரவரியில் இறந்த சிட் விஷஸுடையது. ஆனால் அவர் தொடக்க உறுப்பினரே அல்லர். 1975 நவம்பரில் லண்டன் கலைக்கல்லூரி ஒன்றில் முதன்முறையாக மேடையேறியபோது பாஸ் கிதார் வாசித்தவர் கிளென் மேட்லாக். அவர் 1977 பிப்ரவரியில் விலகிய பிறகே விஷஸ் வந்தார். ஜான் லைடன், ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக், மேட்லாக் ஆகிய நால்வரும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், குழு வெளியிட்ட ஒரே முழு இசைத்தட்டில் பாஸ் பகுதிகளைப் பெரும்பாலும் வாசித்தவர் விஷஸும் அல்லர், மேட்லாக்கும் அல்லர். கிதார் கலைஞரான ஜோன்ஸே அதையும் சேர்த்து வாசித்தார். இரண்டாவது பொருளை வைத்துக் கணக்கிடப் போனால் இங்கே தலை சுற்றும்.

கன்ஸ் அண்ட் ரோசஸ் விஷயமும் இப்படிப்பட்டதே. 1987இல் வெளிவந்த முதல் இசைத்தட்டின் ஐவரும் வாழ்கிறார்கள். ஆனால் 1985இல் குழு பிறந்தபோது சில வாரங்கள் மட்டும் பாஸ் வாசித்த ஓலே பைக் 1991இல் இறந்துவிட்டார். சில வாரங்கள் இருந்தவரைக் கணக்கில் எடுப்பது நியாயமா என்று கேட்டால், தொடக்கம் என்ற சொல்லுக்கு மதிப்பளிப்பதாக இருந்தால் எடுக்கத்தான் வேண்டும் என்பேன்.

என் பரிந்துரை இதுதான்: முதல் பொருளையே அடிப்படையாகக் கொள்ளுங்கள், கிளாசிக் அணியைத் தனிப் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தேறும் குழுக்களே பட்டியலின் முதல் வரிசைக்கு உரியவை.

மூன்றாம் படி: பெயர் சூட்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள்

ராக் குழுக்கள் பெரும்பாலும் பள்ளியிலோ பக்கத்துத் தெருவிலோ வேறு பெயரில் தொடங்கி, இரண்டு மூன்று பெயர்கள் மாறிய பிறகே நாம் அறிந்த பெயருக்கு வருகின்றன. அந்த முன்வரலாறு முழுவதையும் தோண்டினால் எந்தக் குழுவும் தேறாது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பகுதியைச் சேர்ந்த ஸ்லேட் குழுவின் நாடி ஹோல்டர், டேவ் ஹில், ஜிம் லீ, டான் பவல் ஆகிய நால்வரும் 1966இல் ஒன்றுசேர்ந்தபோது குழுவுக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பழைய பெயரில் அவர்களுக்கு முன்பே வேறு சிலரும் வாசித்திருக்கிறார்கள். ஸ்லேட் என்ற பெயரை வைத்த பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் இருந்தது இந்த நால்வர் அணிதான். ஆகவே புகழ்பெற்ற பெயரோடு முதலில் மேடையேறியவர்களே தொடக்க உறுப்பினர்கள் என்று கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

அயர்லாந்தின் யூ2 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1976இல் டப்ளின் நகரின் மவுண்ட் டெம்பிள் பள்ளி அறிவிப்புப் பலகையில் 14 வயதுச் சிறுவன் லாரி மல்லன், குழு தொடங்க ஆட்கள் தேவை என்று ஒரு சீட்டு ஒட்டினான். அவன் வீட்டுச் சமையலறையில் கூடிய பிள்ளைகளில், பின்னாளில் குழுவின் கிதார் கலைஞராகப் புகழ்பெற்ற எட்ஜின் அண்ணன் டிக் எவன்ஸும் இருந்தார். குழுவுக்கு முதலில் ஃபீட்பேக் என்றும் பிறகு தி ஹைப் என்றும் பெயர். 1978இல் யூ2 என்று ஆனபோது டிக் விலகிக்கொண்டார். அன்று எஞ்சிய போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன் ஆகிய நால்வரே இன்றுவரை அந்தக் குழு. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஓர் ஆள்கூட மாறவில்லை என்பதால், பட்டியல் போடுபவருக்கு யூ2வைப் போல் சிக்கலற்ற குழு வேறில்லை. தமிழ் வாசகருக்கு இந்தக் குழுவோடு ஓர் உறவும் உண்டு: 2019இல் ஏ.ஆர். ரஹ்மானுடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட பாடலில் திருக்குறள் ஒலிக்கிறது.

நான்காம் படி: ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே சரிபாருங்கள்

பெயர்களைத் திரட்டிய பிறகு ஒவ்வொருவருக்கும் இயற்பெயர், பிறந்த ஆண்டு, குழுவில் இருந்த காலம் ஆகியவற்றை எழுதுங்கள். இயற்பெயர் எதற்கென்றால், செய்தி நிறுவனங்களின் இரங்கற் குறிப்புகளில் சில நேரம் அதுவே முதலில் வரும். போனோ என்று தேடுபவருக்குப் பால் ஹியூசன் என்ற பெயரும், ஸ்டிங் என்று தேடுபவருக்குக் கோர்டன் சம்னர் என்ற பெயரும் தெரிந்திருப்பது நல்லது.

ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை ஒரே இடத்தில் பார்த்து நம்பிவிடக் கூடாது. பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டதாகவும் அவரைப் போன்ற வேறொருவர் பாடிக்கொண்டிருப்பதாகவும் 1969இல் உலகமெங்கும் பரவிய வதந்தி இன்றும் நகைச்சுவையாகப் பேசப்படுகிறது. சமூக ஊடகக் காலத்தில் அத்தகைய வதந்திக்கு ஒரு மணி நேரம் போதும். குழுவின் அதிகாரப்பூர்வ அறிவிப்பும் நம்பத்தகுந்த நாளிதழ் ஒன்றின் செய்தியும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதுங்கள். மறுபக்கம், இரங்கற் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒருவர் உயிருடன் இருக்கிறார் என்றும் முடிவு செய்ய இயலாது. ஓரிரு ஆண்டுகள் வாசித்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்களின் மறைவு பத்திரிகைகளின் கண்ணுக்குத் தப்பிவிடுவது உண்டு. அத்தகையோர் உள்ள குழுவைப் பட்டியலில் எழுதாமல் தனியே வைத்திருங்கள். பொதுவாழ்விலிருந்து விலகி வாழ்பவரைத் தேடிப் பிடித்து விசாரிப்பது நம் வேலை அன்று.

சிறந்த ராக் கலைஞர்களைச் சிறப்பிக்கும், அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் உள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் வெளியிடும் பெயர்வரிசையைப் பலர் ஆதாரமாகக் கொள்வார்கள். அது தொடக்க உறுப்பினர் வரிசை அன்று என்பதை மறக்கக் கூடாது. 2009இல் மெட்டாலிக்காவைச் சேர்த்தபோது பர்ட்டனும் பின்னால் வந்தவர்களும் அந்த வரிசையில் இடம்பெற்றார்கள், மஸ்டெயின் இடம்பெறவில்லை.

ஐந்தாம் படி: தேறியவற்றைக் கேட்கத் தொடங்குங்கள்

கீழே நான் சொல்பவை 2025 அக்டோபர் இறுதி நிலவரப்படி அமைந்தவை. தேதியைச் சொல்லாமல் இப்படியொரு பட்டியலை யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மாதத்திலேயே கிஸ் குழுவின் ஏஸ் ஃப்ரேலி காலமாகி, அந்தக் குழுவின் முதல் நால்வர் மூவராயினர்.

ஜெனிசிஸ் குழுவிலிருந்து தொடங்கலாம். 1967இல் சர்ரே மாவட்டத்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குழு அது. பீட்டர் கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரதர்ஃபோர்ட், ஆன்டனி ஃபிலிப்ஸ், டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஸ்டூவர்ட் ஆகிய ஐவரும் இருக்கிறார்கள். ஃபில் காலின்ஸ் 1970இலும் ஸ்டீவ் ஹாக்கெட் அதற்கடுத்த ஆண்டும் வந்து அமைந்த கிளாசிக் அணியின் ஐவரும்கூட இருக்கிறார்கள். அதனால் எந்தப் பொருளில் கேட்டாலும் தேறும் அரிய குழு இது. இடையில் ஓர் இசைத்தட்டுக்கு மட்டும் டிரம்ஸ் வாசித்த ஜான் மேஹ்யூ 2009இல் மறைந்தார். அவர் தொடக்கத்திலும் இல்லை, கிளாசிக் அணியிலும் இல்லை. கேட்பதற்கு முதலில் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டையும் பிறகு 1986ஆம் ஆண்டு இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டால், ஒரே குழுதானா இது என்ற வியப்பு வரும். 1968இலேயே விலகிய ஸ்டூவர்ட் பின்னாளில் ஸ்பெயினின் மலைச்சரிவு ஒன்றில் பண்ணை வாங்கி, ஆட்டுக்கு உரோமம் வெட்டிப் பிழைத்து, அந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிப் பெயர்பெற்றார். ராக் குழுவை விட்டு விலகியவர்களில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானவர் அவர்தான்.

அடுத்து தி போலீஸ். 1977இல் லண்டனில் ஸ்டூவர்ட் கோப்லண்ட், ஸ்டிங், ஹென்றி படோவானி என்ற மூவரோடு தொடங்கியது. அந்த ஆண்டிலேயே படோவானி விலக, ஆண்டி சம்மர்ஸ் வந்தார். நால்வரும் வாழ்கிறார்கள். 1980 மார்ச் மாதத்தில் அன்றைய பம்பாயில் வந்து வாசித்த குழு இது. மேற்கத்திய ராக் குழுக்கள் இந்தியாவை எட்டிப்பார்க்காத காலம் அது.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர், அவர் தம்பி டேவிட், ஜான் இல்ஸ்லி, பிக் விதர்ஸ் ஆகிய நால்வரும் உள்ளனர். கிதார் கற்க நினைப்பவர் இங்கிருந்து தொடங்குவது நலம். நாஃப்ளர் மீட்டுகோல் இல்லாமல் வெறும் விரல்களால் வாசிப்பவர் என்பதால் ஒவ்வொரு சுரமும் பேச்சுப் போலக் கேட்கும். 10சிசி குழுவின் எரிக் ஸ்டூவர்ட், கிரஹாம் கோல்ட்மன், கெவின் காட்லி, லால் கிரீம் ஆகியோரும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடு குழுவின் மூவரும், மேலே சொன்ன ஸ்லேட் நால்வரும் இதே வரிசையில் வருகிறார்கள். ஸ்லேட்டின் டான் பவல் உயிர் பிழைத்ததே பெரிது. 1973 ஜூலையில் நடந்த கார் விபத்தில் அவருடைய காதலி இறந்தார். பவல் சுவையுணர்வும் மணவுணர்வும் போய், நினைவாற்றலும் சிதைந்த நிலையில் மீண்டுவந்து டிரம்ஸ் வாசித்தார்.

ஆர்.இ.எம். குழுவைக் கிளாசிக் ராக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி உங்கள் எல்லையைப் பொறுத்தது. 1980இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் சேர்ந்த நால்வரும் இருக்கிறார்கள். 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பால் சரிந்த டிரம்ஸ் கலைஞர் பில் பெரி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நலம் பெற்றார்.

டாக்கிங் ஹெட்ஸ் குழுவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டேவிட் பைர்ன், டினா வேமவுத், கிறிஸ் ஃபிரான்ட்ஸ் ஆகிய மூவரும் 1975 ஜூனில் நியூயார்க்கின் சிபிஜிபி என்னும் சிறிய மதுக்கூடத்தில் முதன்முறையாக மேடையேறினர். பின்னர் ஜெரி ஹாரிசன் சேர்ந்தார். நால்வரும் இன்றும் உள்ளனர். அந்த முதல் இரவில் அவர்களுக்குப் பிறகு முதன்மைக் குழுவாக வாசித்தவர்கள் ரமோன்ஸ். ரமோன்ஸின் தொடக்க நால்வரில் ஜோயி 2001இலும், டீ டீ 2002இலும், ஜானி 2004இலும், கடைசியாக டாமி 2014இலும் மறைந்தனர். ஒரே ஊர், ஒரே மேடை, ஒரே இரவு. ஒரு குழுவில் எல்லாரும் இருக்கிறார்கள், மற்றதில் எவரும் இல்லை.

ஆறாம் படி: உயிருடன் இருப்பது வேறு, சேர்ந்து வாசிப்பது வேறு

புதியவர்கள் இந்தப் பட்டியலைக் கச்சேரி அட்டவணையாக எண்ணி ஏமாறுவது வழக்கம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலான குழுக்கள் கலைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தி போலீஸ் 2007 முதல் 2008 வரை ஒரே ஒரு மறுசந்திப்புச் சுற்றுப்பயணம் போனதோடு சரி. 2018இல் டயர் ஸ்ட்ரெய்ட்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் சிறப்பு கிடைத்தபோது மார்க் நாஃப்ளர் விழாவுக்கே வரவில்லை. அறிமுகம் செய்து பேசவும் ஆள் இல்லாமல் இல்ஸ்லியே தம் குழுவைப் பற்றித் தாமே பேசி விருதைப் பெற்றார். யூ2கூட 2023இல் லாஸ் வேகஸ் ஸ்ஃபியர் அரங்கில் நடத்திய தொடர் கச்சேரிகளில் லாரி மல்லன் இல்லாமலே வாசித்தது. அவர் உடல்நலச் சிகிச்சையில் இருந்தார். ஆகவே பட்டியலில் கடைசியாகச் சேர்ந்து வாசித்த நாள் என்று இன்னொரு பத்தியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தியில் நான் ஜெனிசிஸுக்கு எதிரே எழுதியிருப்பது 2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கம். காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஒருகாலத்தில் அவர் அமர்ந்திருந்த டிரம்ஸின் பின்னே அவருடைய மகன் நிக் வாசித்தார். 1975இல் குழுவைவிட்டுப் போன பீட்டர் கேப்ரியலும் அன்று அரங்கில் இருந்தார். அவர் மேடையேறவில்லை, பார்வையாளர்களோடு உட்கார்ந்து கேட்டார். ஆகவே அவர் பெயருக்கு நேரே அந்தத் தேதியை எழுதவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாமல் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.